வெளிர் ஊதா

பிப்ரவரி 9, திங்கள்

பீன்ஸ் பூக்க ஆரம்பித்துவிட்டது. வெள்ளைப் பூ பூக்கும் செடிக்கு வாடல் நோய் வராது, இரண்டுக்கும் காரணம் ஒரே மரபணு - இதைச் சொல்லித்தான் இத்தனை வருடம் என் பிழைப்பு ஓடியிருக்கிறது. கட்டுரை அச்சுக்குக் காத்திருக்கிறது. காட்டு ரகத்தோடு இனக்கலப்பு செய்து வளர்த்த இந்தச் செடிகளிலும் அது பலித்துவிட்டால் போதும். நாலுக்கு ஒன்று வெள்ளை வர வேண்டும், மற்றதெல்லாம் ஊதா. பூத்த செடிக்கெல்லாம் நிறம் எழுதிய சீட்டைக் கட்டினேன். முதுகு விட்டுப்போச்சு.

பிப்ரவரி 11

நாலுக்கு ஒன்று என்ற கணக்குக்கு வெள்ளை குறைகிறது. பூக்காதவை இன்னும் இருக்கின்றன. பார்ப்போம்.

பிப்ரவரி 13, வெள்ளி

யாரோ என் சீட்டுகளில் கை வைத்திருக்கிறார்கள்.

நான் போடுவது இரட்டை முடிச்சு. நடு வரிசையில் சில செடிகளில் சுருக்கு முடிச்சு இருக்கிறது. நான் ‘ஊதா’ என்று கட்டிய இடத்தில் ‘வெள்ளை’. செடிகள் இருக்கும் கண்ணாடி வீட்டின் சாவி என்னிடம் ஒன்று, சட்டாம்பிள்ளையிடம் ஒன்று. என்னிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கி, இப்போது பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவன். வகுப்பில் பேசுகிறவன் பெயரை எழுதிக் கொடுக்கிற முகம், அதனால் நான் வைத்த பெயர் அது.

அடுத்த வாரம் எல்லாச் செடிக்கும் நோய்க்கிருமி ஊற்றப் போகிறோம். வெள்ளை என்று கட்டிய செடி வாடினால் என் கொள்கை அம்பேல். அதுதானே வேண்டும் அவனுக்கு?

பிப்ரவரி 14

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “துப்பறியற வேலையும் சேத்துப் பாக்குறியா? பேசாம அவன்கிட்டயே கேளேன்” என்றார். கேட்டால் சொல்லிவிடுவானாக்கும்.

பிப்ரவரி 16

நான் உள்ளே நுழைந்ததும் “அப்புறம் பேசுறேன்” என்று போனை வைத்தான். யாரிடம் பேசினான்? இயக்குநரிடமா? நான் ஓய்வு பெற்றால் என் நாற்காலி யாருக்கு? பிறகு தேநீரோடு வந்து நின்றான். “ஆறிடப் போகுது மேடம், குடிங்க.” என்ன திடீர் அக்கறை? அவன் தலை மறைந்ததும் கழுவுதொட்டியில் கொட்டினேன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

பிடித்துவிட்டேன். மண் மூட்டைகளுக்குப் பின்னால் குந்தியிருந்தேன். என் வயதுக்கு இது தேவையா? வந்தான், ஒரு பூவை உற்றுப் பார்த்தான், என் சீட்டைக் கழற்றி வேறொன்றைக் கட்டினான். சுற்றுமுற்றும் பார்க்கக்கூட இல்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்னடா பண்றே?”

“உங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியல மேடம். வெள்ளைக்கெல்லாம் ஊதான்னு கட்டியிருக்கீங்க. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு நானே மாத்திட்டேன்.”

குழி பறிக்கிறதையும் பறிச்சிட்டு பழியை என் கண்ணு மேல போடுறான். நான் என்ன குருடியா? இவனையா என் பிள்ளை மாதிரின்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சேன்?

பிப்ரவரி 18

கண் மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார், நிறப் புள்ளிகளுக்குள் இருந்த எண்களைப் படிக்கச் சொன்னார். “ஒரு குறையும் இல்லம்மா. எதுக்கு வந்தீங்க?” சாட்சி தேடி வந்தேன் என்றா சொல்ல முடியும்? எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டேன். நாளை அவன் மூஞ்சியில் வீச வேண்டும்.

பிப்ரவரி 19

அவன் மாற்றிய செடியிலிருந்து ஒரு பூவைக் கிள்ளி, அவனை வெயிலுக்கு இழுத்துப் போனேன். வெள்ளைத் தாள் மேல் இதழை வைத்தேன்.

“இப்பச் சொல்லு.”

வெகுநேரம் பார்த்தான். “ஊதாதான் மேடம். ரொம்ப வெளிர்.”

நெஞ்சு குளிர்ந்தது, ஒரு நிமிடம். பிறகு ஏன் மாற்றினாய் என்று கேட்டேன்.

“நாலுக்கு ஒண்ணு வரணுமே. வரலன்னதும் நீங்க தப்பாப் பாத்துட்டீங்கன்னு நினைச்சேன். கொள்கை தப்பா இருக்கும்னு தோணவே இல்ல மேடம். நீங்க சொன்னதாச்சே.”

மருத்துவர் எழுதித் தந்ததை நான் வெளியே எடுக்கவில்லை.

ஒரே மரபணு என்றால் ஊதா இருக்கும், வெள்ளை இருக்கும். வெளிர் ஊதா எங்கிருந்து வந்தது? அவனாவது என் கண்ணைச் சந்தேகப்பட்டான். நான்? வெளிர் என்று தெரிந்தே ‘ஊதா’ என்று முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்த செடிக்குப் போயிருக்கிறேன்.

மார்ச் 12

கிருமி ஊற்றி மூன்று வாரம். வெள்ளையிலேயே சில வாடிவிட்டன. ஊதாவில் சில நிமிர்ந்து நிற்கின்றன. ஒரே மரபணு இல்லை.

மார்ச் 13

கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். “அவசரப்படாதீங்க” என்றார் இயக்குநர். வீட்டுக்கு வந்து அழுதேன். வீட்டுக்காரர் கிண்டல் எதுவும் செய்யவில்லை. அதனாலேயே இன்னும் அழுகை வந்தது.

ஏப்ரல் 27, திங்கள்

புது விதைப்பு பூத்துவிட்டது. நிறம் பார்க்கும் வேலையைச் சட்டாம்பிள்ளைக்கும் தனியாகக் கொடுத்திருந்தேன், என் கணக்கைக் காட்டாமல். பாதி வரிசையில் நின்று, “இது நீங்க என்ன போட்டீங்க மேடம்?” என்றான். சொல்லவில்லை. முகத்தைக்கூடத் திருப்பிக்கொண்டேன். மாலையில் ஒப்பிட்டோம். ஒரு செடியில் நான் வெள்ளை, அவன் வெளிர் ஊதா. “நல்லாப் பாருங்க மேடம், நீங்கதான் தப்பு” என்றான். குரலில் மரியாதை கொஞ்சம் குறைவு. இன்று அவன் கொண்டுவந்த தேநீரை முழுக்கக் குடித்தேன்.