மேல்மாடிகளை மூடிவிட்டேன்

சான் விசென்தே,
ஜனவரி 9

என் அபெலார்தோவுக்கு,

மாதாவின் தயவால் நானும் நம் மகள் நெல்லியும் சுகம். நீங்களும் நியூயார்க்கில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஃபோனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று பயந்துவிடாதீர்கள். யாரும் சாகவில்லை. ஃபோனில் நீங்கள் அடுத்த டிசம்பரில் வருகிறேன் என்பீர்கள், நான் சரி என்பேன், அதற்குள் லைன் இரைய ஆரம்பித்துவிடும். பதினெட்டு வருஷமாக நம் பேச்சு இப்படித்தான் முடிகிறது. காகிதத்தில் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீங்கள் குறுக்கே பேச முடியாது. பக்கத்து வீட்டுத் தார்கேலியாவின் மருமகன் செவ்வாய்க்கிழமை அங்கே கிளம்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் ஊர்ச் சமாசாரம். கறுப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. மேட்டு நிலத்து உருளைக்கிழங்கைப் பாதிக்குப் பாதி உறைபனி கருக்கிவிட்டது. நெல்லிக்கு நர்ஸ் படிப்பில் இது மூன்றாவது வருஷம். குவென்காவிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருகிறாள், வந்ததும் தூங்குகிறாள். என் வலது முழங்கால் வீங்கி இருக்கிறது. டாக்டர் படி ஏறாதே என்கிறார். நம் வீட்டில் எத்தனை படி என்று அவருக்குத் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மேல் இரண்டு மாடிகளையும் மூடிவிட்டேன். கோபப்படுவதானால் இந்த இடத்திலேயே பட்டு முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நீங்கள் அங்கே பெயின்ட் அடித்த ஏதோ ஒரு வீட்டின் படத்தை அனுப்பி, அச்சு அசலாக அதே மாதிரி கட்டச் சொன்னீர்கள். கட்டினோம். தூண் வைத்த பால்கனி, ஒருநாளும் நெருப்புக் காணாத புகைபோக்கி, யாரும் படுக்காத ஐந்து அறைகள். வீடு அசையாமல் தின்னும் என்பார்கள். என்னுடைய ஒவ்வொரு சனிக்கிழமையையும் அது தின்றது. ஐந்து கட்டிலுக்கும் விரிப்பு உதறி, ஐந்து ஜன்னலும் துடைத்து, மூன்று குளியலறைக் குழாய்களையும் துரு ஏறாமல் திறந்து மூடிவிட்டுக் கீழே வரும்போது இருட்டியிருக்கும். இது போதாதென்று கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் நீங்கள் அனுப்பும் பெட்டி வேறு. ஒருத்தி இருக்கிற வீட்டில் மூன்று இஸ்திரிப் பெட்டி. இருபத்துநாலு பேர் சாப்பிடுகிற பீங்கான் செட் இரண்டு. ரொட்டி சுடுகிற இயந்திரத்தை வைத்துக்கொண்டு வேகவைத்த சோளம் தின்கிறவள் நான்.

நீங்கள் வருவீர்கள் என்றுதான் இத்தனையையும் துடைத்தேன். அதை ஒளிப்பானேன்.

உங்கள் துணிகளையும் அப்படித்தான் வைத்திருந்தேன். நீங்கள் விட்டுப் போன சாம்பல் நிறக் கோட்டு, இரண்டு கால்சட்டை, அந்தத் தொப்பி. டிசம்பர் பிறந்தால் எடுத்துத் துவைத்து, வெயில் காட்டி, இஸ்திரி போட்டு மாட்டுவேன். இந்த முறையும் வெயில் காட்டி, மூட்டையாகக் கட்டி மாடிப்படி அடியில் வைத்திருந்தேன். கால் வலி விட்டதும் மேலே கொண்டுபோகலாம் என்று நினைப்பு. பக்கத்திலேயே இன்னொரு மூட்டை, கிழிந்த துணிகள். வருஷக் கடைசி ராத்திரி நம் தெருவில் எரிக்கிற பழைய வருஷப் பொம்மைக்கு உடுப்புக் கொடுக்கும் முறை இந்தத் தடவை நம் வீட்டுக்கு. உங்கள் தம்பி மெசியாஸ் வந்தபோது நான் பால் கறந்துகொண்டிருந்தேன். கீழே இருக்கிறது, எடுத்துக்கொள் என்று அங்கிருந்தே குரல் கொடுத்தேன். எந்த மூட்டை என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் வெளியே வந்தால், நம் கேட்டுக்கு எதிரில் நாற்காலி போட்டு நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் கோட்டு, உங்கள் தொப்பி, மூஞ்சிக்குக் காகித முகமூடி. மூட்டை மாறிவிட்டது என்று புரிந்தது. அதற்குள் தெருவே கூடிவிட்டது. வழக்கம்போல மெசியாஸுக்குத்தான் பழைய வருஷத்தின் விதவை வேஷம். தார்கேலியாவின் கறுப்புப் பாவாடை, உதட்டில் காது வரைக்கும் சாயம். பொம்மையின் மடியில் விழுந்து மாரடித்து ஒப்பாரி வைக்கிறான்.

"ஐயோ என் ராசா, இம்மாம் பெரிய வீட்டக் கட்டி வச்சுட்டு என்னைய ஒத்தையில விட்டுட்டுப் போறியே."

எல்லாரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவன் மனதில் ஒன்றும் இல்லை, ஊரில் பாதி வீடு அப்படித்தானே இருக்கிறது. கண்ணைத் துடைக்க என்று பொம்மையின் கையை எடுத்தான். சாம்பல் நூல் அகப்படாமல் நான் பச்சை நூலில் தைத்த விளிம்பு அவன் கண்ணில் பட்டது. அழுகை அப்படியே நின்றது. என்னைப் பார்த்தான்.

"அண்ணி, இது அண்ணன் கோட்டு."

சிரிப்பு ஒவ்வொரு வாயாக அடங்கியது. அவன் அந்தச் சாயம் பூசிய உதட்டோடு பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்தான். பாவம். நானும் கழற்று என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் கோட்டைச் சரியாகப் பார்த்தேன். வைக்கோல் அதிகம் கொள்ளாமல் பொம்மை ஒடிசலாக இருந்தது. தோள் எவ்வளவு குறுகல். நவம்பரில் நெல்லியின் ஃபோனுக்கு நீங்கள் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. தொந்தி வைத்து, கழுத்துத் தடித்து, முன்னந்தலை வழுக்கையோடு நிற்கிறீர்கள். நாற்பத்தொன்பது வயது ஆணுக்கு அது நல்ல உடம்புதான், குறை சொல்லவில்லை. ஆனால் நான் வருஷாவருஷம் இஸ்திரி போட்டது முப்பத்தோரு வயதுக்காரன் ஒருவனுக்கு.

அப்படியே இருக்கட்டும் என்றேன். தார்கேலியா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டி சோய்லா, உசுரோட இருக்குற மனுசன் துணிடி."

"இந்தக் கோட்டுக்காரரு போயி பதினெட்டு வருசம் ஆச்சு. இனிமே வர்றவருக்கு இது பத்தாது."

நான் அதைக் கோபத்தில் சொல்லவில்லை. சொன்ன பிறகுதான் எனக்கே அது உண்மை என்று தெரிந்தது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மற்றத் தெருப் பொம்மைகளோடு அதுவும் எரிந்தது. எல்லாரையும் போல நானும் நெருப்பைத் தாண்டினேன், வீங்கின காலோடு. அழவில்லை. மறுநாள் காலையில் வெறும் ஹேங்கரைப் பார்த்தபோது அழுதேன். நன்றாகவே அழுதேன்.

அன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். வருஷப் பிறப்பும் அதுவுமாக வீட்டிலிருந்து சாமான் வெளியே போகக் கூடாது என்று மெசியாஸ் பெண்டாட்டி முணுமுணுத்தாள். போகாமல் இருந்துதான் என்ன வந்தது என்று கேட்டேன். பீங்கான் செட் இரண்டும் கோவில் சமையலறைக்குப் போயிற்று. கட்டில்களை உறைபனியில் விளைச்சல் போனவர்களுக்குக் கொடுத்தேன். இஸ்திரிப் பெட்டி மூன்றில் ஒன்றைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. இனி யாருக்கு இஸ்திரி? மேலே தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தி, கதவைச் சாத்திவிட்டேன். கீழே அடுப்படியும் பக்கத்து அறையும் போதும் எனக்கு. ஒரு கட்டில், நெல்லிக்கு ஒரு மடக்குக் கட்டில், ஒரு மேசை. சோளம் வேகிற நேரத்துக்குள் வீடு முழுவதும் பெருக்கி முடிந்துவிடுகிறது. போன சனிக்கிழமை என்ன செய்வதென்று தெரியாமல் வெயிலில் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். போவோர் வருவோரெல்லாம் உடம்புக்கு ஆகவில்லையா என்று கேட்டார்கள். கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஆனால் நன்றாக இருந்தது.

ஆகையால் இனிமேல் பெட்டி அனுப்ப வேண்டாம். குற்ற உணர்ச்சியில் அனுப்புகிறீர்களோ, பிரியத்தில் அனுப்புகிறீர்களோ, வைக்க இடமில்லை. நெல்லியின் படிப்புக்கு அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. நவம்பரில் வந்த அந்தப் படத்தை நெல்லி தூங்கும்போது எடுத்துத் திரும்பவும் பார்த்தேன். உங்கள் பின்னால் சுவரோரம் அறையைச் சூடாக்குகிற குழாய் ஒன்று ஓடுகிறது. அதன் மேல் சிவப்பு நிறத்தில் ஒரு ஜோடிக் காலணி காய்கிறது. என் உள்ளங்கை அளவுதான் இருக்கும். நெல்லி அதைக் கவனித்தாளா தெரியாது. நான் காட்டவில்லை. உங்களிடமும் யாருடையது என்று கேட்கப் போவதில்லை.

அபெலார்தோ, இது சண்டைக் கடிதம் அல்ல. வீட்டில் வேண்டாதது எதுவோ அதையெல்லாம் நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். காத்துக்கொண்டிருப்பதை மட்டும் எனக்குக் கொடுக்கத் தெரியவில்லை. அதை வாங்கிக்கொள்ள இந்த ஊரில் ஆள் இல்லை. என் கையிலிருந்து நீங்கள்தான் வாங்க வேண்டும். வருவதானால் வெறுங்கையோடு, இப்போதிருக்கிற உடம்போடு வாருங்கள். உங்களுக்குச் சட்டை புதிதாகத் தைத்துக்கொள்ளலாம். வருவதற்கில்லை என்றால் அதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள். அடுத்த டிசம்பர் என்று மட்டும் எழுதாதீர்கள், உங்கள் காலில் விழுகிறேன். ஃபோனிலும் சொல்ல வேண்டாம். ஃபோனில் சொன்னால் நான் பழக்கத்தில் சரி என்று சொல்லிவிடுவேன்.

கடவுள் உங்களையும் உங்கள் கைவேலையையும் ஆசீர்வதிக்கட்டும். அங்கே பனி முழங்கால் வரை விழுந்திருக்கிறது என்று நெல்லி சொன்னாள். ஈரக் காலணியைக் குழாய் மேல் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். உள்ளே காகிதம் திணித்துச் சுவரோரமாக வையுங்கள், காலைக்குள் காய்ந்துவிடும். சின்னக் கால் சீக்கிரம் சில்லிட்டுப் போகும். பார்த்துக்கொள்ளுங்கள்.

சோய்லா