வாயப்பயத்துக்கு ஒரு மதிப்பெண்

அண்ணா,

எங்கள் லேப்பை மாடிக்கு மாற்றுகிறார்கள். நேற்று பழைய அலமாரியைக் காலி செய்தபோது ஒரு கட்டுப் படச்சீட்டு கைக்கு வந்தது. அதில் டிராக்டர் படம் போட்ட சீட்டின் ஓரத்தில் எண்ணெய்க் கறை. அது உங்கள் கட்டைவிரல் பட்ட கறைதான். பஜ்ஜி தின்ற கையோடு வந்து உட்கார்ந்து, அந்த ஒரு படத்தை மட்டும் திருப்பித் தராமல் இடது கையில் வைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

நான் அப்போது மொழியியல் முதுகலை மாணவி. படித்துக்கொண்டே மொழி ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. பக்கவாதம் வந்து பேச்சு தடைபட்டவர்களிடம் படங்களைக் காட்டி, அவர்கள் சொல்வதைப் பதிவு செய்து மதிப்பெண் போட வேண்டும். அதை வைத்துத்தான் அவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி தொடரும். சனிக்கிழமைகளில் உத்திரமேரூரில் எங்களுக்குக் கொடுத்திருந்த அறைக்கு, மானாம்பதியிலிருந்து நீங்களும் அண்ணியும் பஸ் ஏறி வருவீர்கள். இருபது வருஷமாக அடுத்தவர் டிராக்டரை ஓட்டிய உங்களுக்கு வலது கையும் பேச்சும் ஒரே நாளில் போயிருந்தன.

"இவுரு பேரக் கேட்டாகூட நான்தான் மேடம் சொல்லணும்" என்றார் அண்ணி முதல் நாள். எடுத்துக் கொடுக்கக் கூடாது என்பதால் அவரை வெளியே உட்கார வைத்தோம்.

வீட்டின் படத்தைக் காட்டினேன். நெற்றியெல்லாம் வேர்த்து, உதட்டைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் "வூடு" என்றீர்கள். விடைப் பட்டியலில் 'வீடு' என்று இருந்தது. ஓர் ஒலி மாறினாலும் பூஜ்யம் என்பது விதி. பூஜ்யம் போட்டேன். வாழைப்பழப் படத்துக்கு "வாயப்பயம்" என்றீர்கள். பூஜ்யம். ஒவ்வொரு முறையும் என் பேனாவையே பார்த்தீர்கள். "தப்பா" என்று ஒருமுறை கேட்டீர்கள். "அடுத்த படத்தைப் பார்க்கலாம் சார்" என்றேன்.

நான் புள்ளலூர்க்காரி என்பதை உங்களிடம் சொல்லவில்லை, லேப்பிலும் சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் வூடுதான், பயம்தான். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் வகுப்பில் நான் 'பழம்' என்று சொன்ன விதத்துக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு விடுதிக் கண்ணாடி முன் நின்று, நாக்கு வலிக்கும்வரை ழகரம் பழகினேன். நீங்கள் சொல்வது சரியான சொல்தான் என்று நான் சொன்னால், அது எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். அதனால் விதி விதிதானே என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஆறு வாரம் ஆனது. பேராசிரியர் அட்டவணையைப் பார்த்தார். "இவருக்கு முன்னேற்றமே இல்லையே. பேச்சுப் பயிற்சியில இடம் கம்மி. அடுத்தவருக்குக் கொடுத்துடலாம், இந்த வாரம் சொல்லிடு" என்றார்.

அதைச் சொல்லத்தான் அந்தச் சனிக்கிழமை வந்தேன். அண்ணி பைக்குள்ளிருந்து ஒரு சீப்பை எடுத்து, ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினார். "வாயப்பயம் சாப்டுங்க மேடம். காலைல நாஷ்டா துன்னீங்களோ இன்னாவோ."

என்னால் தோலை உரிக்க முடியவில்லை. "நான் புள்ளலூருண்ணா. எங்க வூட்லயும் வாயப்பயம்னுதான் சொல்லுவோம்" என்றேன்.

அண்ணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அப்றம் இன்னாத்துக்கு இவ்ளோ நாளா மேடம் மாரி பேசிக்கினு இருந்த?"

நீங்கள் சிரித்தீர்கள். பாதி வாய்தான் திறந்தது, ஆனாலும் சத்தமாகச் சிரித்தீர்கள். பேராசிரியர் சொல்லி அனுப்பியதை நான் சொல்லவில்லை.

திங்கட்கிழமை அவர் முன் போய் நின்றேன். வேலை போய்விடும் என்றே நினைத்திருந்தேன். "நான் போட்ட பூஜ்யங்கள் தப்பு மேடம். அவர் அவங்க ஊர்ச் சொல்லைத்தான் சொல்றார். அது என் ஊர்ப் பேச்சும்தான்."

"முதல் வாரமே ஏன் சொல்லல?"

"பயமா இருந்தது மேடம்." சொன்ன பிறகுதான் அந்தச் சொல் என் காதில் விழுந்தது.

அவர் என் அட்டவணையை மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "வாதம் வராம நல்லா பேசறவங்களை உங்க பக்கத்துல பதிவு பண்ணிட்டு வா. இதே படங்கள்" என்றார். புள்ளலூரிலும் மானாம்பதியிலும் வீடு வீடாகப் போனேன். ஹெட்போனில் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது: "நம்ம விதிப்படி பார்த்தா இந்த ஊருங்களுக்கே பேச்சு வரலைன்னு ஆகுது." விடைப் பட்டியல் திருத்தப்பட்டது. உங்கள் பதிவுகளுக்கு மறுபடி மதிப்பெண் போட்டோம். உங்கள் மதிப்பெண் வாரா வாரம் ஏறிக்கொண்டே வந்திருந்தது. உங்கள் இடம் உங்களுக்கே இருந்தது.

சில மாதம் கழித்து, உங்கள் வீட்டுக்கே வந்து பதிவு செய்த ஒரு நாள். டிராக்டர் படத்தை எடுத்ததும் அண்ணி பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தார். நீங்கள் இடது கையை உயர்த்தினீர்கள். "இரு. நானே சொல்றேன்." அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நீங்கள் பொறுமையாக, ஒவ்வோர் எழுத்தாக, அந்தப் படத்தின் பெயரைச் சொல்லி முடித்தீர்கள்.

உங்களுக்கு மறுபடி வாதம் அடித்து, ஒரே காலையில் எல்லாம் முடிந்த செய்தி பத்து நாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. முதலில் அழுகை வரவில்லை, அந்த ஆறு வாரம்தான் வந்தது. முதல் நாளே நான் வாயைத் திறந்திருந்தால் உங்களுக்கு இன்னும் எத்தனை சொல் கூடியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் மானாம்பதிக்கு வந்தேன். அந்த ஆறு வாரத்தை முழுக்க அண்ணியிடம் சொன்னேன். உங்களைப் பயிற்சியிலிருந்து விட்டுவிடச் சொல்லி என்னை அனுப்பினார்கள் என்பதையும் சொன்னேன்.

அண்ணி கேட்டுவிட்டு என் கையைப் பிடித்தார். "நீ சொன்னதாலதான பேச்சு வந்துச்சி? அத்தப் போயி மனசுல வச்சிக்கினு கீற. போன அன்னிக்கிக் காலைலகூட காபில சக்கர பத்தலன்னு என்னாண்ட ஒரே சண்ட. நான் ஒண்ணு சொன்னா அவுரு ரெண்டு சொல்றாரு. பேசிக்கினேதாம்மா போனாரு."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல இருந்தது. அன்று வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன், அண்ணா.

இப்போது புதிதாக வரும் மாணவர்களுக்கு மதிப்பெண் போட நான்தான் கற்றுத்தருகிறேன். இன்று காலை அவர்கள் சுற்றி உட்கார்ந்து பெட்டி கட்டிக்கொண்டிருக்கையில் அம்மா போன் செய்தாள். எடுத்தேன். "இன்னாம்மா பண்ணிக்கினு கீற?" என்று கேட்டேன்.

லேப்பிலிருந்து நான் அப்படிப் பேசி அம்மா கேட்டதே இல்லை. "இன்னாடி, பக்கத்துல யாரும் இல்லியா?" என்றாள்.

"எல்லாரும் கீறாங்கம்மா" என்றேன்.