வெலிமடைப் பூ

டிசம்பர் 9

வெலிமடையிலிருந்து எனக்குப் பூ அனுப்பும் சிவரூபினி போனில் கதைத்தாள். “மழை விடவே மாட்டேங்குதுக்கா. மேட்டுப் பாத்திக்குப் போகவே பயமா இருக்கு.”

ஞாயிற்றுக்கிழமை ஹாஜறாவின் மகளுக்குக் கலியாணம். மணவறை முழுக்க வெள்ளைச் செவ்வந்தி, வருகிற பெண்களின் கையில் ஆளுக்கொரு ரோசா என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். பிளாஸ்டிக் பூவைத் தொடமாட்டேன் என்று சொல்லித்தான் எட்டு வருடமாகக் கல்முனைக்குடியில் இந்த மணவறை அலங்காரத் தொழிலைச் செய்கிறேன்.

“எப்படியாவது வெட்டி அனுப்பு புள்ள. இல்லாட்டி என்ட பேர் கெட்டுப்போகும்” என்றேன்.

மழைச்சத்தத்துக்கு நடுவில் “சரிக்கா” என்றாள்.

டிசம்பர் 10

பூ லொறி வரவில்லை. சிவரூபினியின் போனும் வேலை செய்யவில்லை. ஏலாது என்றால் முதலே சொல்லியிருக்கலாம். இப்படி ஏமாற்றுவாள் என்று நினைக்கவில்லை.

டிசம்பர் 11

லொறிக்காரர் பஸால் பாதிவழியில் திரும்பி வந்துவிட்டார். “றாஹிலா ராத்தா, றோட்டே இல்ல. அந்தத் தோட்டத்துப் பக்கம் மலை சரிஞ்சிட்டாம். பூ வெட்டப்போன சிவரூபினியக் காணல்லயாம்.”

பூ வெட்டப்போன.

யாருக்காகப் போனாள்? சொல்லு றாஹிலா, யாருக்காக?

டிசம்பர் 12

ஹாஜறா வந்தார். ஒரு பொம்புளையக் காணல்ல என்று சொன்னேன். “அல்லாஹ் காப்பாத்தட்டும்” என்றவர், ஒரு நிமிடம் கழித்து, “ஞாயிற்றுக்கிழமை கலியாணமெல்லா புள்ள, பூவுக்கு என்ன செய்யிற?” என்றார்.

அவரை எப்படிக் கோபிப்பது? செவ்வாய்க்கிழமை நானும் இதைத்தானே கேட்டேன்.

டிசம்பர் 13

காலையிலிருந்து போன்தான். பொலிஸ், ஆஸ்பத்திரி, யார் யாரோ தந்த நம்பர்கள். ஒருவருக்கும் தெரியாது. தொழுகையில் சுஜூதில் கிடந்து கேட்டேன்: யா அல்லாஹ், என்ட பேர் கெட்டே போகட்டும், அவளத் தா.

பின்னேரம் சம்மாந்துறைப் பக்கத்துக் குளத்தில் இறங்கித் தாமரை பறித்தேன். மழைக்குக் குளம் நிறையப் பூத்துக் கிடந்தது. 

டிசம்பர் 14

தாமரையும் தென்னம்பாளையும் வைத்து மணவறை முடித்தேன். “இப்படி ஒரு மணவற கல்முனையிலயே கண்டதில்ல” என்றார்கள். எல்லோரும் படம் எடுத்தார்கள். மணமகள் ஸம்றா என் கையைப் பிடித்து ஒரு தாமரை மொட்டைத் தந்தாள். “இது உங்களுக்கு சாச்சி.”

அந்த மொட்டோடு மண்டபத்துக்குப் பின்னால் ஓடிப்போய் மறுபடி பொலிஸுக்குப் போன் எடுத்தேன்.

டிசம்பர் 15

ஒன்றும் இல்லை. ஒரு செய்தியும் இல்லை.

டிசம்பர் 16

உயிரோடு இருக்கிறாள்! பஸால்தான் விசாரித்துச் சொன்னார். அன்றைக்கே மண்ணிலிருந்து எடுத்து, பெயர்கூடத் தெரியாமல் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம்.

டிசம்பர் 18, பதுளை

ஐந்து பஸ் மாறி வந்தேன். வழியெல்லாம் ஒரே வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நான்தான் உன்னப் போகச் சொன்ன. நான்தான்.

என்னைக் கண்டதும் அவள் எழும்பப் பார்த்தாள். “பூ அனுப்ப முடியாமப் போச்சுக்கா. கல்யாணத்துக்கு என்னக்கா செஞ்சீங்க?”

மன்னிப்புக் கேட்கிறாள். அவள், என்னிடம்!

“எல்லாம் நல்லா நடந்த புள்ள” என்று சொல்லித் தோடம்பழம் உரித்துக் கொடுத்தேன். வேறொன்றும் சொல்ல வாய் வரவில்லை. கோழை.

டிசம்பர் 27

அவளுக்கென்று இருப்பது கொழும்பில் வேலைசெய்யும் தம்பி மட்டும். அவன் வந்துவிட்டுப் போய்விட்டான். நான் ஊருக்குப் போகவில்லை. வந்த இரண்டு கலியாண வேலையையும் வேண்டாமென்றுவிட்டேன். தலை வாருகிறேன், உடுப்புத் துவைக்கிறேன். அவள் நன்றி சொல்லும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஜனவரி 6

இன்று முதல்தரம் எழுப்பி நிற்கவைத்தார்கள். ஒரு பக்கம் ஊன்றுகோல், மறுபக்கம் நான். கட்டிலிலிருந்து ஜன்னல்வரைக்கும் போகவேண்டும். பாதிவழியில் என்னையறியாமல் வாய் திறந்துவிட்டது.

“அண்டைக்கு நான்தான் புள்ள உன்னப் போகச் சொன்ன. நீ பயமெண்டு சொல்லியும் கேக்கல்ல.”

அவள் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. மூச்சு வாங்கியது.

“தெரியும்க்கா” என்றாள். “கைய விட்டுறாதீங்க. விழுந்துருவேன்.”

விடவில்லை. ஜன்னல்வரைக்கும் போனோம்.