பிரபு வீட்டுப் புறாக்கள்

பாரிஸ், 1774 செப்டம்பர் 20

அன்புள்ள அம்மாவுக்கு, மகன் லெயோனார் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். இதை உனக்குப் படித்துக் காட்டும் பங்குச் சாமியாருக்கும் என் தோத்திரம்.

போன வாரம் எங்கள் அச்சகத்தைச் சோதனை போட ஒரு போலீஸ் அதிகாரி வந்தார். பயப்படாதே, நீ சிரிக்கத்தான் எழுதுகிறேன். தடை செய்த புத்தகம் ஒன்றை அச்சடித்துக்கொண்டிருந்தோம். கட்டுகளையெல்லாம் பெஞ்சுக்கடியில் ஒளித்துவிட்டு, தலைக்கு மேலே கயிற்றில் காயப்போட்ட ஈரத்தாள்களை மறந்துவிட்டோம்! அவர் அண்ணாந்து பார்த்து, ஒரு தாளை உருவிப் படித்தார்.

'பிரபுவின் புறா உழவனின் விதையைத் தின்னலாம் என்று கடவுள் எழுதிக் கொடுக்கவில்லை. மனிதர் போட்ட சட்டம் அது, மனிதரே மாற்றலாம்.'

"யாருய்யா இதை எழுதுனது?"

"தெரியாதுங்க. நாங்க எழுத்துக் கோக்கிறவங்க."

"எங்கப்பன் விதைச்சதையும் புறாதான்யா தின்னுச்சு. விரட்டுனதுக்கு அடி வேற." தாளை மடித்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். "இங்க ஒண்ணும் கிடைக்கலன்னு எழுதிக்கிறேன். மிச்சப் பக்கத்தையும் குடு."

கம்பளிக் காலுறை ஒரு ஜோடி அனுப்பு. நம் மரத்துக் கஷ்கொட்டையும் கொஞ்சம் அனுப்பு; இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாகத்தான் சாப்பிடுகிறேன்.

தபால் வண்டி கிளம்பப் போகிறது. விதைப்பு நாளில் நம் ஊர்ப் பிரபு வீட்டுப் புறாக்கள் இறங்கினால் நீ கல்லெறிய வேண்டாம். வயலில் நிமிர்ந்து நின்று கையைத் தட்டு, போதும்.

சாமியாரே, கையைத் தட்டச் சொன்ன இந்த வரியை விழுங்கிவிடாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி இன்னொரு தடவை சத்தமாகப் படியுங்கள்.

லெயோனார்