ஜோவிதாவின் காய்ச்சல் சார்ட்

ஜூலை 4, 2024, வியாழன்

பீன்யா ஃபேக்டரிக்குப் போய் வரும் பஸ்ஸிலேயே பாதி உயிர் போகிறது. மீதியை என் மெஷின் ஆபரேட்டர் ஸ்ரீஹர்ஷா எடுக்கிறான். மணிக்கு ஒருமுறை ஷாஃப்ட்டை அளந்து எழுத வேண்டும். அவன் மாலை ஐந்து மணி வரைக்குமான ரீடிங்கை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே எழுதி வைத்திருந்தான். கேட்டால், மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது சார், எப்போது அளந்தாலும் அதே நம்பர்தான் என்கிறான். தாளை அவன் முன்னாலேயே கிழித்தேன். அளக்காமல் எழுதுகிறவனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

மாலையில் மகள் ஜோவிதாவை அழைத்து வர ப்ளே ஹோம் போனால் அங்கே இன்னொரு கூத்து. ஒரு பையன் மூக்கு ஒழுக, கன்னம் சிவந்து, பெஞ்சில் சுருண்டு கிடந்தான். காலையில் பாராசிட்டமால் சிரப் கொடுத்து அனுப்பிவிடுகிறார்களாம். வாசலில் பார்க்கும்போது காய்ச்சல் இருக்காது, பதினொரு மணிக்குமேல் கொதிக்கும் என்றாள் ஸ்னேஹா மிஸ். பெற்றவர்களா இவர்கள்? சீ.

ஜூலை 6, சனி

ஜோவிதாவுக்கு 102. சளி இல்லை, இருமல் இல்லை.

அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் என் மனைவி லவினா ஒரு வார்த்தை கேட்டாள். பத்து நிமிடத்தில் நான்கு ஆன்டிபயாடிக் பெயர், ஒரு கஷாயம். போனைப் பிடுங்கி வைத்தேன்.

ரிச்சர்ட்ஸ் டவுனில் டாக்டர் ருக்மிணியிடம் போனோம். லவினாவைக் குழந்தையிலிருந்து பார்த்தவர். டிவி இல்லை, மீன்தொட்டி இல்லை, நீள பெஞ்ச் ஒன்றுதான். காது, தொண்டை, வயிறு என்று நிதானமாகப் பார்த்தார். நாங்கள் சொன்ன 102-ஐ அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டார், திரும்ப அளக்கவில்லை. என்றைக்குமே அளக்க மாட்டார். பெற்றவர்கள் பார்த்துச் சொல்வதை நம்புவார்.

காரணம் எதுவும் தெரியவில்லை, வைரலாக இருக்கலாம் என்றார். ஒரு தாளில் கோடு போட்டுக் கொடுத்தார்: நேரம், காய்ச்சல், கொடுத்த மருந்து. “திங்கட்கிழமை தாண்டியும் காய்ச்சல் இருந்தா யூரின் டெஸ்ட் பண்ணணும். பெண் குழந்தை, விடக்கூடாது” என்றார்.

சார்ட் எழுத எனக்கா சொல்லித்தர வேண்டும்.

ஜூலை 8, திங்கள்

காலை 101.4. மதியம் 102. இன்று நான் லீவ். லவினா புதுப் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது, இனி லீவ் கேட்டால் வேலையே போகும். புதன்கிழமை கஸ்டமர் ஆடிட், அதற்கு நான் இருந்தே ஆக வேண்டும். ப்ளே ஹோமிலோ, இருபத்து நான்கு மணி நேரம் காய்ச்சல் இல்லை என்று டாக்டர் கடிதம் வேண்டுமாம். என்ன ரூல்ஸ்!

ஐந்து மணிக்கு சிரப் கொடுத்தேன். லவினா வந்து தொட்டுப் பார்த்து, இறங்கிடுச்சே என்றாள். ஆமாம் என்றேன்.

ஜூலை 9, செவ்வாய்

அளந்தது 101.6. எழுதியது 98.4.

நேற்று மாலையிலிருந்து எல்லாக் கட்டத்திலும் 98.4, 98.2, 98.4. மருந்துக் கட்டத்தில் வெறும் கோடு. வைரல்தானே, நாளைக்கு எப்படியும் இறங்கிவிடும்.

இன்றும் நான் லீவ். நான்கு மணிக்கு சிரப், ஐந்தரைக்கு கிளினிக். டாக்டர் சார்ட்டைப் பார்த்தார், நெற்றியைத் தொட்டார், கடிதம் எழுதினார். இவ்வளவு ஒழுங்காக எழுதும் அப்பாக்கள் குறைவு என்று வேறு சொன்னார்.

ஜூலை 10, புதன்

ஏழரைக்கு சிரப். ப்ளே ஹோம் வாசலில் 97.9. ஆடிட் பாஸ்.

ஜூலை 12, வெள்ளி

நேற்றும் இன்றும் அதே ஏழரை மணி சிரப். பதினொன்றரைக்கு ஸ்னேஹா மிஸ் போன். ஜோவிதா நடுங்குகிறாள், வாந்தி, 104. நான் பீன்யாவிலிருந்து வருவதற்குள் லவினா கிளினிக்குக்குத் தூக்கிப் போயிருந்தாள். யூரினில் இன்ஃபெக்ஷன். கிட்னி வரை ஏறியிருக்கும், உடனே அட்மிட் பண்ணணும் என்று டாக்டர் லெட்டர் எழுதிக்கொண்டிருந்தார்.

சார்ட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “திங்கட்கிழமை சாயங்காலத்திலிருந்து காய்ச்சல் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நிஜமா?”

லவினா என்னைப் பார்த்தாள்.

இல்லை என்றேன்.

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “நான் குழந்தையை மட்டும் பார்த்து முடிவு பண்றதில்ல கிளெமென்ட். நீங்க சொல்றதையும் வெச்சுத்தான் பண்றேன்” என்றார். லெட்டரை லவினாவிடம் கொடுத்தார்.

ஜூலை 13, சனி

ஆஸ்பத்திரி. ஜோவிதாவோட ரெண்டு கையிலயும் குத்தியாச்சு, மூணாவது தடவைதான் நரம்பு கிடைச்சது. ஊசி வேணாம்னு சொல்லுங்கப்பான்னு என்னைத்தான் கூப்பிட்டா. நான் போய் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டேன் — எந்தக் கையால? 98.4 எழுதின கையால.

யார் மேலாவது கோபப்படலாம் என்று காலையிலிருந்து தேடுகிறேன். நர்ஸ்? ப்ளே ஹோம்? ஆடிட்? பெஞ்சில் சுருண்டு கிடந்த அந்தப் பையனின் அப்பனை என்ன சொன்னேன்? எழுதியிருக்கிறேனே, இந்த நோட்டிலேயே. சீ என்று.



ஜூலை 16, செவ்வாய்

காய்ச்சல் இறங்கிவிட்டது. நானே அளந்தேன், நர்ஸும் அளந்தாள்.

ஜூலை 22, திங்கள்

வேலைக்குப் போனேன். ஸ்ரீஹர்ஷா, பாப்பா எப்படி இருக்கு சார் என்று கேட்டுவிட்டு ரீடிங் தாளை நீட்டினான். கட்டம் கட்டமாக, மணி மாறாமல் எழுதியிருந்தான். கையெழுத்துப் போட்டேன். இவனுக்கு நான் பாடம் எடுத்திருக்கிறேன். நினைத்தாலே வாய் கசக்கிறது.

டிசம்பர் 2, திங்கள்

அப்போது எடுக்கச் சொன்ன கிட்னி ஸ்கேன் ரிசல்ட் வந்துவிட்டது. இடது கிட்னியில் ஒரு சின்னத் தழும்பு. இதனால் தொந்தரவு வராமலே போகலாம், ஆனால் இனி எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே யூரின் பார்த்துவிட வேண்டும், பிபி-யும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர் ருக்மிணி. மூன்று நாள் முன்பே தெரிந்திருந்தால் தழும்பு விழுந்திருக்காதா என்று கேட்டேன். அதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

தெரியாது என்பதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கிறேன் என்று லவினாவுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

ஜனவரி 11, 2025, சனி

ஜோவிதாவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஷிஃப்ட்டுக்கு வரவில்லை என்று போன் செய்துவிட்டு நேராக கிளினிக் போனோம்.

எவ்வளவு என்று டாக்டர் கேட்டார். ஏழு மணிக்கு 100.8, எட்டரைக்கு 101.2, சிரப் கொடுக்கவில்லை என்றேன். நானே கோடு போட்டு எழுதிய தாளையும் நீட்டினேன். அவர் அதை வாங்கி மேஜையில் ஓரமாக வைத்தார். டிராயரைத் திறந்து தெர்மாமீட்டரை எடுத்து, துடைத்து, தானே ஜோவிதாவின் அக்குளில் வைத்தார். லவினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

101.2. அட்டையில் எழுதிக்கொண்டு, யூரின் டப்பாவை லவினாவிடம் கொடுத்தார்.

கிளம்பும்போது என் தாள் வைத்த இடத்திலேயே இருந்தது, நான்காக நான் மடித்துக் கொடுத்தபடியே. எடுத்து வந்தேன். பன்னிரண்டு மணி ரீடிங்கை அதில் எழுதியிருக்கிறேன்: 101.