கறுப்பு ஓரம் வைத்த நாலு தாள்

போல்வென்னா, கார்ன்வால்
1869, மே மாதம்

என் கண்ணு தாம்சிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நாங்கள் இருவரும் சுகம், அதிலும் உன் அப்பா ரொம்பவே சுகம், அதை இந்தக் கடிதத்தின் கடைசியில் மறுபடியும் சொல்லப்போகிறேன், ஏன் என்று அப்போது உனக்கே தெரியும். அந்த ஆஸ்திரேலிய வெயிலில் நீயும் மாப்பிள்ளையும் என் பேரனும் சுகமாக இருக்க வேண்டும், குழந்தைக்குத் தொப்பி போடாமல் வெளியே தூக்காதே. இங்கே மழை விட்டபாடில்லை, கூரையில் இரண்டு பலகைக்கல் பெயர்ந்து அடுப்பங்கரையில் ஒழுகுகிறது, சரி செய்யுங்கள் என்றால் உன் அப்பா நாளைக்கு என்கிறார், அந்த நாளை ஈஸ்டருக்கு முன்பிருந்து வந்துகொண்டே இருக்கிறது. பன்றி நன்றாகக் கொழுத்திருக்கிறது. சர்ச்சில் புதுப் பிரசங்கியார் வந்திருக்கிறார், பாடத் தெரியவில்லை, கத்தத் தெரிகிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன், மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

உன் பெரியப்பா ஜேகோ போன நவம்பரில் கண்ணை மூடியதை நான்தான் உனக்கு எழுதினேன். சுரங்கத் தூசி நெஞ்சில் இறங்கி அவர் பட்ட பாட்டையும், ஊரே பாட்டுப் பாடிக்கொண்டு பெட்டியைத் தோள் மாற்றித் தோள் மாற்றிக் கல்லறைக்குத் தூக்கிப்போனதையும், உன் பெரியம்மா லவ்டே கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதையும் ஒன்று விடாமல் எழுதினேன். அதற்குப் பதில் போன மாதம் வந்தது. அது எப்படி வந்தது தெரியுமா? திருமதி நான்கிவெல் கடையில் தபால் பிரிக்கிற நேரம், நான் மாவு வாங்க நிற்கிறேன். அவள் பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள், எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். சாவுத் துக்கத்துக்குப் போடுகிற கறுப்பு அரக்கு முத்திரை, சுற்றிலும் என் கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு ஓரம், மேலே உன் கையெழுத்து. கடையில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள். யாரோ ஒரு முக்காலியை என் பின்னால் தள்ளினார்கள். கையெழுத்து உன்னுடையது என்றால் நீ உயிரோடு இருக்கிறாய், அப்படியானால் போனது மாப்பிள்ளையா, குழந்தையா? நான்கிவெல் உறையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, அடி ஜென்னி, இது உனக்கில்லடி, உன் ஓர்ப்படிக்கு வந்திருக்கு, உன்னுது இந்தா, வெள்ளையா இருக்கு என்றாள்.

கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று சொன்னேன், நிஜமாகவே சொன்னேன். சொல்லி வாயை மூடுவதற்குள் வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. என் கடிதத்தை அங்கேயே பிரித்தேன். ஒரே ஒரு தாள், அதிலும் பாதி காலி. குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது, ஈ தொல்லை தாங்கவில்லை, பெரியப்பாவை நினைத்து வருத்தம், இப்படிக்குத் தாமசின். அவ்வளவுதான். உன் பெரியம்மாவுக்கு வந்த உறையோ கனத்துக் கிடக்கிறது. பெரியப்பாவுக்கு எந்த அகலம் போட வேண்டும் என்று உனக்குத் தெரியாதா? மெல்லிசாக ஒரு கோடு போதும் என்று நான்தானே சொல்லிக்கொடுத்தேன்! அந்த அகலமான ஓரம் பெற்றவர்களுக்கும், புருஷனுக்கும், பெற்ற பிள்ளைக்கும் போடுவது. கடையில் ஒருத்தி பார்த்துவிட்டு, அப்பன் செத்தாத்தான் இவ்ளோ அகலம் போடுவாங்க, உன் வீட்டுக்காரரு ஹோசியா நல்லாத்தானே இருக்காரு என்று என் முகத்துக்கு நேராகவே கேட்டாள். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னால் அவர் கறி அடைத்த பேஸ்டியைக் கடித்துக்கொண்டே, நான் இன்னும் சாகலையே ஜென்னி, எனக்கெதுக்குக் கறுப்பு ஓரம், வேணுமுன்னா கடுகு குடு என்கிறார். இந்த மனிதருக்கு எதுவும் உறைக்காது, எல்லாம் எனக்குத்தான்.

அந்த உறையை நானே எடுத்துக்கொண்டு போனேன். நவம்பரில் துக்கம் கேட்க வந்தவர்களால் முதல் வாரம் உன் பெரியம்மா வீட்டில் உட்கார இடம் இல்லை, வாசல் வரைக்கும் ஆள். நானும் குங்குமப்பூ கேக் சுட்டு எடுத்துப்போய், கர்த்தர் ஆறுதல் தருவார் அக்கா என்று எல்லாரும் சொல்வதைச் சொல்லிவிட்டு வந்தேன். கிறிஸ்துமஸ் தாண்டியதும் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் நானும்தான் சரியாகப் போகவில்லை. அன்றைக்கு உறையோடு போய்ப் பார்த்தால், துக்கத்துக்கு உடுத்திய கறுப்புக் கிரேப் துணி மழையில் நனைந்து சாயம் விட்டு அவர் கழுத்தெல்லாம் கறுத்துக் கிடக்கிறது, அழுது அழுது கண் வீங்கி, வைத்தியர் மருந்து ஊற்றிப் படிக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். உறையை மடியில் வைத்துத் தடவிப் பார்த்துவிட்டு, எம் பொண்ணு எழுதியிருக்கா, நீயே படிச்சுச் சொல்லு ஜென்னி என்றார். எம் பொண்ணாம்! பத்து மாதம் சுமந்தது யார்? பிள்ளையில்லாத வீடு என்று உன்னை அங்கே விளையாட விட்டது என் தப்பு என்று மனதில் நினைத்துக்கொண்டு முத்திரையை உடைத்தேன்.

நாலு தாள் தாம்சி! இரண்டு பக்கமும் எழுதி, அது போதாது என்று திருப்பிப் போட்டு அதன் மேலேயே குறுக்கேயும் எழுதியிருக்கிறாய். எனக்கு எழுதின தாளில் பாதி காலியாகக் கிடந்ததே, அதில் ஒரு வரி எழுதினால் உன் கை ஒடிந்தா போயிருக்கும்? பெரியப்பா உன்னைத் தோளில் தூக்கிப்போய்ப் படகுகளைக் காட்டியது, அவர் புகைக்குழாயை நீ ஒளித்து வைத்தது, அழாதே என்று யார் சொன்னாலும் கேட்காதே பெரியம்மா என்று நீ எழுதியது எல்லாவற்றையும் படித்தேன். மூன்றாவது தாளில் அந்த இடம் வந்தது. கப்பல் ஏறுவதற்கு முதல் நாள் என் வீட்டில் என்னால் அழ முடியவில்லை, உன் மடியில்தான் வந்து அழுதேன், அன்றைக்கு நீ என்னைத் தாங்கினாய், இன்றைக்கு உன்னைத் தாங்க நான் பக்கத்தில் இல்லையே என்று எழுதியிருந்தாய். நான் அதை அவருக்கு வாய்விட்டுப் படிக்கவில்லை. தாண்டிப் போய்விட்டேன். என் வாயாலேயே அதை அவருக்கு எடுத்துக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அடுத்த வியாழக்கிழமை வந்து மறுபடி படி என்றார், போனேன், மறுபடியும் தாண்டினேன்.

மூன்றாவது வியாழக்கிழமை அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஜென்னி, அந்த எடம் வந்தா மட்டும் நீ மூச்சு வாங்குற, அங்க என்னமோ இருக்கு, படிக்க முடியலைன்னா விடு, ஆனா இவ்ளோ நாள்ல என்கிட்ட பேசுனது இந்தத் தாளு ஒண்ணுதான் என்றார். எனக்கு முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. படித்தேன், ஒரு எழுத்து விடாமல் படித்தேன். கேட்டுவிட்டு அவர் அந்தத் தாளை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, தாம்சி ஏன் என்கிட்ட வந்து அழுதா தெரியுமா, அம்மா முன்னாடி நான் அழுதேன்னா அம்மா கப்பலையே புடிச்சு நிறுத்திடுவா பெரியம்மா, அவளால தாங்க முடியாது, நாளைக்கு நான் சிரிச்சுக்கிட்டே போகணும்னு சொன்னா, ராத்திரி முழுக்க உன் பேரைச் சொல்லித்தான்டி அழுதா என்றார். நீ துறைமுகத்தில் சிரித்துக்கொண்டே கை காட்டியது ஞாபகம் வந்தது. கல்நெஞ்சுக்காரி என்று அன்றைக்கு உன்னைத் திட்டிக்கொண்டேதான் வீட்டுக்கு வந்தேன். அப்புறம் நாங்கள் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு அழுதோம், அவர் ஜேகோவுக்காக, நான் உனக்காக, அவர் கிரேப் சாயம் என் கன்னமெல்லாம் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு நான் கிளம்பி வந்த பிறகு, பல நாள் கழித்து அவர் அடுப்புப் பற்றவைத்துச் சூப் குடித்தாராம், பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

உடனே அம்மா திருந்திவிட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்கு இன்னும் பொறாமைதான். என் பேரைச் சொல்லி அழுத அழுகையையும் கொண்டுபோய் அவர் மடியில்தானே கொட்டினாய்? தாங்க மாட்டாள் என்று யார் சொன்னது உனக்கு? நான் தாங்குவேன். அங்கே உனக்கு என்ன கஷ்டமோ, எதை நினைத்து அழுகிறாயோ, பல் முளைத்ததையும் ஈயையும் விட்டுவிட்டு அதை எழுது. பெரியம்மாவுக்கும் எழுது, நிறுத்திவிடாதே, அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள். ஆனால் உன் அப்பா ரொம்பவே சுகமாக இருக்கிறார், இப்போதுகூடப் பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார், எனக்கு நாலு தாள் வர அவர் செத்துத்தான் ஆக வேண்டும் என்றால் அது ரொம்ப நாள் ஆகும் போலிருக்கிறது.

உன்னையும் உன் வீட்டாரையும் கர்த்தர் தம் கைக்குள் வைத்துக் காப்பாராக. குழந்தைக்கு என் முத்தம். தொப்பியை மறந்துவிடாதே. வியாழக்கிழமைகளில் நான் இன்னும் போய்ப் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன், உன் அடுத்த கடிதம் எனக்கு வந்ததும் அதையும் எடுத்துப்போய் அவர் முன்னால் உட்கார்ந்து உரக்கப் படிப்பேன், அதனால் வெள்ளைத் தாளிலேயே எழுது, குறுக்கும் நெடுக்குமாக எழுது, அவருடையதைவிட ஒரு தாளாவது கூட இருக்கட்டும்.

உன்னைப் பெற்றவள்,
ஜெனிஃபர்