விருந்தாளிக்காகப் பூசிய ஓடுபாதை

செப்டம்பர் 19

காலையில் ஓடுபாதையை நடந்து பார்த்தேன். இன்னும் மூன்று கான்கிரீட் சிலாப்புகளில் விரிசல். பழுதுப் புத்தகத்தில் இப்போது இருநூற்றுப் பதினாறு. நகராட்சிக்கு ஒன்பதாவது கடிதம் போட்டாயிற்று. பதில்? வழக்கம்போல, பணமில்லை. வாரத்துக்கு மூன்றே விமானம் வருகிற நிலையத்தை வைத்துக்கொண்டு அவர்கள்தான் என்ன செய்வார்கள்! விற்கப் போவதாகப் பேச்சு.

செப்டம்பர் 27

பேச்சு உண்மைதான். அல்மாட்டி நகரத்தில் ஒராஸ்பெக் என்பவரின் கம்பெனி வாங்குகிறது. வரைவு ஒப்பந்தத்தைப் படித்தேன். ஏழாம் பிரிவு: வாங்குபவர் ஒரு வருடத்துக்குள் ஓடுபாதையைப் புதிதாகப் போட வேண்டும். அந்த ஒரு வரிக்காக யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். ஓடுபாதைப் பொறுப்புக்கு வந்த இருபத்திரண்டு வருடமாக நான் கேட்பது அது ஒன்றைத்தான்.

அக்டோபர் 4

நிலைய இயக்குநர் ஜக்சிலிக் கூப்பிட்டார். பதினொன்றாம் தேதி ஒராஸ்பெக் பார்க்க வருகிறாராம். அதற்குள் ஊரே கூடிக் கூலியில்லாமல் பாதையைப் பூச வேண்டுமாம்.

"எதுக்குங்க பூசணும்? ஓட்டை தெரிஞ்சாத்தானே புதுசு போடுவாங்க?"

"ஏன் கம்ஷாத், வர்றவங்க முன்னாடி நம்ம மானம் போகணுமா? விருந்தாளிக்குக் கிழிஞ்ச கம்பளத்தையா விரிப்ப?"

இந்த மனிதரிடம் பேசிப் பயனில்லை.

அக்டோபர் 6

சொன்னதுபோல எல்லாரும் வந்துவிட்டார்கள். தீயணைப்பு ஆட்கள், டிக்கெட் பெண்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள்கூட. யாரோ ஆடு அறுத்தார்கள், ஒரே கும்மாளம். விரிசல்களில் சிமெண்டைக் குழைத்துத் திணித்தோம். திட்டிக்கொண்டே நானும் மண்டியிட்டுப் பூசினேன். ஏன் பூசினேன்? எல்லாரும் குனிந்திருக்கும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான்.

அக்டோபர் 11

வந்தார்கள். பெரிய விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாக, வேகவைத்த ஆட்டுத்தலையை ஒராஸ்பெக் முன்னால் வைத்தோம். "பாதை கண்ணாடி மாதிரில்ல இருக்கு!" என்றார். ஜக்சிலிக் பூரித்துப் போனார். பிறகு ஒரு தாள் என் பக்கம் நகர்ந்து வந்தது: 'ஓடுபாதை நல்ல நிலையில் உள்ளது.' என் கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. சாப்பிட்டுக்கொண்டிருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

பழுதுப் புத்தகம் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. நான் கையெழுத்துப் போட்டேன்.

அக்டோபர் 30

ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஏழாம் பிரிவைக் காணோம். பாதைதான் நன்றாக இருக்கிறதே, எதற்குப் புதிது என்றார்களாம்!

ஜக்சிலிக்கின் அறைக்குப் போய்க் கத்தினேன். "மரியாதைக்குப் பாராட்டுறாங்கன்னு நெனச்சேன் தங்கச்சி..." என்றார். அவர் கண்ணில் தண்ணீர். அதைப் பார்த்து இன்னும் எரிச்சல் வந்தது.

அக்டோபர் 31

முட்டாள். அவர் இல்லை, நான்.

மார்ச் 17

பனி உருகுகிறது. பகலில் பூச்சுக்குள் இறங்குகிற தண்ணீர் இரவில் உறைந்து பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது. இன்று ஒரு வாளி நிறையச் சில்லு பொறுக்கினேன். ஒன்று உள்ளங்கை அகலம். அது விமான எஞ்சினுக்குள் போனால்? புது நிர்வாகத்திடம் சொன்னேன். "கூட்டிப் பெருக்குங்க" என்றார்கள். பெருக்கவா? துடைப்பத்தாலா?

மார்ச் 20

நவ்ரூஸ் புத்தாண்டுப் பண்டிகைக்கு ஊர் திரும்ப எழுபது பேர் அல்மாட்டியில் காத்திருக்கிறார்கள். விமானம் இறங்குகிற முனையில் ஒரு சிலாப் மூன்று விரல் உயரம் எழும்பி நிற்கிறது. பாதையை மூடிவிட்டேன். பழுதுப் புத்தகத்தின் நகல் முழுவதையும் விமானப் பாதுகாப்பு அதிகாரிகளுக்கும் நகராட்சிக்கும் அனுப்பினேன்.

ஒரு மணி நேரத்தில் கம்பெனி வக்கீலின் போன்.

"அக்டோபர்ல நல்லா இருக்குன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்தான். பொய் எழுதினேன். அதையும் சேத்துத்தான் அனுப்பியிருக்கேன்."

"வேலை போயிரும், தெரியும்ல?"

தெரியும் என்றேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். வேறு வேலை எனக்கு என்ன தெரியும்?

மார்ச் 22

பண்டிகை. ஒருத்தரும் வாசற்படி மிதிக்கவில்லை. கடையில் ஒரு பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்; அவள் மகன் முப்பது மணி நேரம் ரயிலில் நின்றுகொண்டே வந்தானாம். தீயணைப்பு வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர் சபர்காலிக்கு மட்டும் குறையில்லை: "யாரும் வராட்டிப் போறாங்க விடு. பண்டிகைக் கஞ்சி பூரா எனக்குத்தான்." சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன்.

ஏப்ரல் 9

வேலைநீக்க உத்தரவு வந்தது. ஒரே பத்தி. என் பெயரில்கூடப் பிழை.

ஏப்ரல் 26

புதுப் பாதை போடும்வரை விமானம் இறங்கக் கூடாது என்று அதிகாரிகள் எழுதிவிட்டார்கள். நகராட்சிக்கும் திடீரென்று ரோஷம் வந்து, விற்பனையையே ரத்து செய்வோம் என்கிறதாம். இத்தனை வருடமாக எங்கே இருந்ததோ அந்த ரோஷம்! ஒராஸ்பெக் ஏழாம் பிரிவுக்கு ஒத்துக்கொண்டார் என்கிறார் சபர்காலி. நான் நம்பவில்லை.

ஜூன் 3

தேநீருக்குப் பால் வைத்திருந்தேன். சபர்காலி ஓடுபாதையிலிருந்து போன் செய்தார். பின்னால் ஒரே இரைச்சல்.

"சிலாப்ப உடைக்கிறாங்க. இரு, போனை நீட்டிப் பிடிக்கிறேன். கேக்குதா?"

கேட்டது. என்னைத்தான் இப்போது நிலையத்துக்குள் விட மாட்டார்கள். பத்து நிமிடம் அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இன்னும் துடைக்கவில்லை.